குழந்தையின் சாட்சியமும் அரசின் மானியமும்



குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றி வாய் திறக்கவே நம் சமூகம் நெடுங்காலம் கூசியது. நாம் பேசாதிருந்தமையால் கொடுமை குறையவில்லை. குழந்தையின் வாய்தான் அடைபட்டது. அதனைத் திறப்பதற்கு இன்று சட்டம் உண்டு. அச்சட்டத்தை நடத்தப் பொருளும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்பொருள் எங்கே சென்று சேர வேண்டும் என்பதையே நாம் இப்போது ஆராய்வோம்.

2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் இல்லத்திலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்தல் வேண்டும். சாட்சி சொல்லும் வேளையில் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குழந்தை எதிர்கொள்ளும்படி விடலாகாது; மீண்டும் மீண்டும் அழைத்து வருத்தவும் ஆகாது. சிறப்பு நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியமும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையும் முடிதல் வேண்டும்.

விதிகள் நல்லவையே, எனினும் வழக்குகள் தேங்கின. ஆகவே, நூறு வழக்குகளுக்கு மேல் தேங்கிய மாவட்டந்தோறும் மத்திய அரசின் செலவில் தனி நீதிமன்றம் அமைக்குமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில் விரைவுச் சிறப்பு நீதிமன்றத் திட்டம் தொடங்கிற்று. மத்திய அரசின் பங்கு நிர்பயா நிதியிலிருந்து வழங்கப்பட்டது. நீதிமன்றம் ஒன்றுக்கு ஒரு நீதிபதியும் ஏழு பணியாளரும் என்பது ஏற்பாடு. 2023இல் இத்திட்டம் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டபோது, 1,952 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

நீதிபதியும் மன்றமும் அமைந்துவிட்டால் போதுமா? சித்தூரை எண்ணிப் பாருங்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இவ்விரு மாவட்டங்களும் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப்புறம். திருப்பதியோ பல மொழியினரும் வந்து கூடும் தலம். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை, தெலுங்கில் எழுதும் அதிகாரியிடம் தன் துயரைச் சொல்ல நேரலாம். தமிழில் ‘சித்தப்பா’ எனப்படுபவர் தெலுங்கில் ‘பாபாயி’. உறவுச் சொல் ஒன்று பிறழ்ந்து பதிவானால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதனையே பிடித்துக்கொள்வார், வழக்கு ஆட்டங்காணும்.

இதனை முன்னறிந்தே, தேவையானபோது மொழிபெயர்ப்பாளரை ஊதியம் தந்து அமர்த்தலாம் எனச் சட்டம் கூறுகிறது. விசாரணை முடியும்வரை குழந்தைக்கு உறுதுணையாக நிற்கும் ஆதரவாளரை நியமிக்கவும், உணவு, உடை, போக்குவரத்து முதலிய உடனடித் தேவைகளுக்குப் பணம் வழங்கவும் 2020ஆம் ஆண்டின் விதிகள் வழி செய்கின்றன.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் 1985இல் ஒரு நிலையம் தோன்றிற்று. காவலரும் மருத்துவரும் குழந்தை நல ஊழியரும் அங்கே ஒன்றுகூடினர். குழந்தை அலுவலகந்தோறும் அலைந்து, நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லும் நிலை குறைந்தது. பின்னர் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அத்தகைய நிலையங்கள் பரவ அந்நாட்டரசு மானியம் அளித்தது.

மானியத்தின் பயனை அளக்க வேண்டிய முறையும் இதுவே. எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதன்று கேள்வி. ஒரு குழந்தை தன் துன்பத்தை எத்தனை முறை, யாரிடம், எம்மொழியில் சொல்ல நேர்ந்தது என்பதே கேள்வி. மொழியறிந்த உதவியாளருக்கும் பயிற்சி பெற்ற ஆதரவாளருக்கும் காலந்தவறாது ஊதியம் சேருமானால், அதுவே உற்ற செலவாகும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. 1098 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம். சொல்லத் துணிந்த குழந்தையை நம்பிக் கேட்பதே நீதியின் முதற்படி. அப்படிக்கு எந்த மானியமும் தேவையில்லை.