எத்தனை மீட்டர் தாண்டினார்?

(மாற்றுத்திறனாளிகள் நாள் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோருமே மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிச் சொன்னார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி என்று ஊரைச் சரியாகச் சொன்னார்கள். ஐந்து வயதில் வலது கால் மேல் பஸ் ஏறி நசுங்கியதைச் சொன்னார்கள். தாயார் சரோஜா அம்மாள் காய்கறி விற்று வளர்த்ததைச் சொன்னார்கள். ஒருவருக்குப் பேச்சே வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது நான் ஒன்று கேட்கிறேன். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் அவர் எத்தனை மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்வரிசையில் ஒரு பையன் சொல்கிறான். சபாஷ், தம்பி. 1.89 மீட்டர். ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேலே. இந்த அரங்கில் எழுந்து நின்றால் அந்த உயரம் வருகிறவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பீர்கள். உங்கள் தலைக்கு மேலே கம்பியை வைத்து அதற்கும் மேலே போனார் அந்தப் பிள்ளை. மேடையில் இருக்கும் யாருக்கும் அந்த எண் தெரியவில்லை. பெரியவர்களை அவமதிக்க இதைச் சொல்லவில்லை. நம் ஊர் முழுக்க இதுதான் நிலைமை, அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பஸ் ஏறியது அவருக்கு நேர்ந்தது. 1.89 அவர் செய்தது. நேர்ந்ததை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம், செய்தது என்னவென்று கேட்டால் விழிக்கிறோம். வேறு எந்த விளையாட்டு வீரரையாவது இப்படி நடத்துகிறோமா? தோனி கரக்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்த கதை நமக்குத் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டோமா? 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் அடித்த 91 ரன்னும், கடைசியில் குலசேகரா பந்தைத் தூக்கி அடித்த சிக்ஸரும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோனி சரியாக ஆடாத நாளில் திட்டவும் செய்தோம். திட்டுவதற்கும் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மாரியப்பனின் ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? ரியோவில் அவரிடம் தோற்று வெள்ளி வாங்கியவர் அமெரிக்காவின் சாம் க்ரூ. புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். அன்று அவர் தாண்டியது 1.86. ஐந்து ஆண்டு கழித்து 2021 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோவில் இருவரும் மறுபடி மோதினார்கள். மழை. இருவரும் 1.86 தாண்டிவிட்டார்கள். கம்பி 1.88-க்கு ஏறுகிறது. நம்மவருக்கு மூன்று வாய்ப்பும் போய்விட்டது. க்ரூவுக்கும் இரண்டு வாய்ப்பு போய்விட்டது, மூன்றாவதில் தாண்டிவிட்டார்! தங்கம் அவருக்கு, வெள்ளி நமக்கு. 1.83 தாண்டிய இன்னொரு இந்தியர் சரத் குமாருக்கு வெண்கலம்.

போட்டி முடிந்து மாரியப்பன் என்ன சொன்னார் தெரியுமா? பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டது, எம்புவதற்குக் கஷ்டமாகிவிட்டது என்றார். ஒரு விளையாட்டு வீரனின் பேச்சு இது. இரண்டு சென்டிமீட்டரில் தங்கம் கைநழுவியதை நினைத்து வேகிறவனின் பேச்சு. மாற்று சாக்ஸ் கையில் இருந்ததா? ஈரத்தில் ஓடி வந்து எம்பப் பழக்கியிருந்தார்களா? டீக்கடையில் இதைப் பற்றி நாம் சண்டை போட்டிருக்க வேண்டும். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 தாண்டி உலக சாம்பியன் ஆனார். செப்டம்பரில் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். அங்கே 1.88 தாண்டிய சரத் குமாருக்கு வெள்ளி, 1.94 தாண்டிய அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச்சுக்குத் தங்கம். மே மாதம் இருந்த மூன்று சென்டிமீட்டர் செப்டம்பரில் எங்கே போனது என்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் கேட்டோம்? "வெண்கலம் வாங்கியதே பெரிய விஷயம், பாவம்" என்று முடித்துக்கொண்டோம். அந்தப் "பாவம்" இருக்கிறதே, ஐயா, அது அவர் உழைப்பின் மேல் மண்ணைப் போடுகிறது. மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம் வாங்கியவர் அவர். உலகத்தில் யாரிடமும் பரிதாபம் கேட்டு நிற்கவில்லை.

அடுத்து, நம் வீடுகளுக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. இரண்டு கையும் இல்லாத பெண் காலால் வில்லை வளைத்து அம்பு விடுகிறாள். பின்னணியில் சோக இசை. ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த ஷீத்தல் தேவி அது, பாரிஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியவர். வீடியோவில் அவர் பெயர் இருக்காது. எத்தனை மீட்டர் தூரத்து இலக்கு, எத்தனை புள்ளி, எதிரே யார், எதுவும் இருக்காது. "எல்லாம் இருந்தும் உனக்கு என்ன குறை?" என்ற வரி மட்டும் இருக்கும். அதை அப்பா மகனுக்கு அனுப்புகிறார். கணக்குப் பாடத்தில் மார்க் குறைந்த பையனுக்கு அதைக் காட்டித் திட்டு விழுகிறது. அந்தப் பெண் பயிற்சி செய்தது உங்கள் பிள்ளையைத் திட்டுவதற்கா? தன் எதிராளியை ஜெயிப்பதற்காகப் பயிற்சி செய்தாள், அம்மா.

இதே நோய்தான் இன்னொரு பேச்சிலும் இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்கில் 29. உடனே ஒரு கூட்டம் கிளம்பியது: கை கால் நன்றாக இருக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று. பாரா வீரர்களை உயர்த்துவதாக நினைத்துத்தான் பேசினார்கள். கணக்கைப் பாருங்கள். பாரிஸ் பாராலிம்பிக்கில் 549 தங்கங்களுக்குப் போட்டி நடந்தது, ஒலிம்பிக்கில் 329. இரண்டும் வேறு வேறு களம். ஒலிம்பிக் வீரர் நீரஜ் சோப்ராவை அடிக்க ஒரு பிரம்பு வேண்டும் என்பதற்காகப் பாரா வீரர்களைக் கையில் எடுக்காதீர்கள்.

"அப்படியென்றால் அங்கே பதக்கம் சுலபம்தானே?" என்று உடனே ஒரு குரல் வரும். வரட்டும், பதில் சொல்கிறேன். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு இருக்கிறது. அதனால் குறைந்த எடையில் ஜெயித்தவரைச் சுலபமாக ஜெயித்தார் என்று சொல்கிறோமா? இங்கே உடலின் எந்தப் பகுதி எவ்வளவு இயங்குகிறது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பிரிவினை எவ்வளவு கொடுமையாக வெட்டும் என்று தேவேந்திர ஜஜாரியாவைக் கேளுங்கள். ராஜஸ்தான்காரர், எட்டு வயதில் மின்கம்பியைத் தொட்டு இடது கையை இழந்தவர். 2004 ஏதென்ஸில் ஈட்டி எறிதலில் தங்கம். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் அவருடைய பிரிவுக்கு அந்தப் போட்டியே வைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் உடம்பைக் காத்துவைத்து 2016-இல் திரும்பி வந்து 63.97 மீட்டர் எறிந்தார். உலக சாதனை, தங்கம். இதையா சுலபம் என்கிறீர்கள்?

ஏமாற்றுகிறவர்கள் அங்கேயும் உண்டு, மறைக்க மாட்டேன். 2000 சிட்னியில் அறிவுசார் குறைபாடு உள்ளோர் கூடைப்பந்தில் தங்கம் வாங்கிய ஸ்பெயின் அணியில் பன்னிரண்டு பேர். அவர்களில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை! அதன் விளைவாக அந்தப் பிரிவையே நீக்கினார்கள். 2012 லண்டனில்தான் மறுபடி சேர்த்தார்கள். ஊனமே இல்லாதவர்கள் செய்த மோசடிக்கு உண்மையான வீரர்கள் தங்கள் இளமையைத் தண்டமாகக் கட்டினார்கள்.

அந்தப் பிரிவு திரும்பி வந்ததால்தான் தீப்தி ஜீவன்ஜியை உலகம் பார்த்தது. வாரங்கல் பக்கம் கல்லெடா கிராமம், கூலி வேலை செய்யும் பெற்றோர். பிறந்ததிலிருந்து அக்கம்பக்கம் என்ன பேசியது என்று அந்தத் தாய் பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருக்கிறார்: பைத்தியம் என்றார்கள், குரங்கு என்றார்கள், அனாதை இல்லத்தில் விட்டுவிடு என்றார்கள். அந்தப் பெண் 2024-இல் கோபேயில் 400 மீட்டரை 55.07 நொடியில் ஓடி அப்போதைய உலக சாதனை படைத்தார். பாரிஸில் 55.82 நொடியில் வெண்கலம். குடும்பம் விற்றிருந்த நிலத்தைப் பரிசுப் பணத்தில் திரும்ப வாங்கினார்கள். இன்றைக்கு அவரைக் கொண்டாடுகிறோம். ஆனால் ஜெயிக்காத பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை இருக்கிறார்கள்? பதக்கம் வாங்காத பிள்ளைக்கு அந்தப் பழைய பேச்சுதானே இன்றும் மிச்சம்?

இந்த அலட்சியம் நேற்று வந்ததல்ல. பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் 1972-இல் வந்தது. 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலை 37.33 நொடியில் முடித்து வாங்கியது. பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல். அர்ஜுனா விருது 2025 ஜனவரியில், எண்பது வயதுக்குப் பிறகு. இன்னும் கேளுங்கள். 2015-இல் காசியாபாத்தில் தேசியப் பாரா தடகளப் போட்டி. வீரர்களைக் கட்டிமுடிக்காத கட்டடத்தில் தங்கவைத்தார்கள், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை. படம் வெளியாகி நாடே தலைகுனிந்தது. இதெல்லாம் பணமில்லாமல் நடந்ததா? இவர்களுக்கு இது போதும் என்ற எண்ணத்தால் நடந்தது. "பாவம்" என்று சொல்லும் வாய்தான் "இது போதும்" என்றும் சொல்கிறது.

தமிழ்நாடு அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். பாரிஸில் பாட்மிண்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதி முருகேசனுக்கு 2 கோடி, வெண்கலம் வாங்கிய மனிஷா ராமதாஸ், நித்ய ஸ்ரீ சிவன், மாரியப்பன் மூவருக்கும் ஆளுக்கு 1 கோடி கொடுத்தது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கோடி கிடைத்தது ஜெயித்த பிறகு. அதற்கு முன்னால்?

பாராலிம்பிக் அரையிறுதியில் காஞ்சிபுரத்துப் பெண்ணும் திருவள்ளூர்ப் பெண்ணும் எதிரெதிரே நின்றார்கள். துளசிமதியும் மனிஷாவும். முதல் ஆட்டம் 23-21 வரை இழுத்தது. இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் பாரிஸில் அப்படி மோதிய அந்த நேரத்தில் நம் வீட்டு டி.வி.யில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். மதுரைக்காரர்களிலேயே எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி என் இனத்தாரிடம், உடற்கல்வி ஆசிரியர்களிடம் பேசுகிறேன். கேம்ஸ் பீரியடுக்கு மணி அடித்ததும் வகுப்பே ஓடும். காலில் குறை உள்ள பிள்ளையை என்ன சொல்லி நிறுத்துகிறோம்? "நீ கிளாஸிலேயே இரு, பேக்கெல்லாம் பார்த்துக்கோ." கருணையோடுதான் சொல்கிறோம். பன்னிரண்டு வருடம் அந்தப் பிள்ளை பைகளுக்குக் காவல் இருக்கிறது. பிறகு மேடை போட்டு, இவர்களிடம் திறமை ஒளிந்திருக்கிறது என்று பேசுகிறோம். ஒளித்துவைத்தது நாம்.

உயரம் தாண்டுதலின் விதி என்ன? ஒற்றைக் காலால்தான் எம்ப வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து எம்பினால் அந்தத் தாண்டல் செல்லாது. விதிப்புத்தகத்தைப் படித்த நமக்கு, ஒரு காலில் முழு பலம் உள்ள பையனை அந்தக் குழிக்கு அழைத்துப் போகத் தோன்ற வேண்டாமா? பெரியவடகம்பட்டிப் பையன் பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டான். அவர் அவனைப் பைக்குக் காவல் வைக்கவில்லை. பதினான்கு வயதில் எந்தக் குறையும் இல்லாத மற்ற பையன்களோடு தாண்டவிட்டார். பையன் இரண்டாவதாக வந்தான். அந்த ஒரு ஆசிரியர் வேறு மாதிரி நடந்திருந்தால் ரியோவும் இல்லை, டோக்கியோவும் இல்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 30-ஆவது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றியது. இவர்கள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று சொல்கிறது. தயவு அல்ல, சட்டம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு மாவட்ட மைதானத்தில் சாய்தளம் வேண்டும், போய்வரப் பஸ் வேண்டும், பிரிவு ஒதுக்கும் வகைப்பாட்டு முகாமுக்கு அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும். விளையாட்டுக்கான சக்கர நாற்காலி ஒரு கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாத விலை. சால்வைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கும் சங்கங்கள் எத்தனையோ இந்த ஊரில் இருக்கின்றன. அடுத்த விழாவில் எனக்குச் சால்வை வேண்டாம். அந்தப் பணத்தை நாற்காலிக்குச் சேருங்கள்.

முன்வரிசையில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் கேட்டுவிட்டுப் போகிறேன். முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. அடுத்த முறை பதிவு தொடங்கும்போது உங்கள் பள்ளியிலிருந்து எத்தனை பேர் போகப்போகிறார்கள்? இன்றைக்கே வகுப்பு ஆசிரியர்களிடம் பட்டியல் கேளுங்கள். பட்டியலில் உள்ள பிள்ளைகளை நாளைக்கு கேம்ஸ் பீரியடில் மைதானத்துக்கு அனுப்புங்கள். தோற்கட்டும், பரவாயில்லை. தோற்றால் ஏன் தோற்றான் என்று அவனிடமே கேளுங்கள், அடுத்த பயிற்சியில் அதைச் சரிசெய்யுங்கள். பைகளைப் பூட்டிவைக்க உங்கள் பள்ளியில் ஓர் அறை இல்லாமல் போகாது.