குரலுக்கு வேலியில்லை

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் சிங்களப் பாடல்களையும் விரும்பிக் கேட்கும் தமிழர் பலர். அப்பாடல்களிலே நிலைத்து நிற்கும் குரல் ருக்மணி தேவியினுடையது. அவர் பிறப்பால் சிங்களவரல்லர் என்பதைச் சிலரே அறிவர்.

1923ஆம் ஆண்டு, அயல் மாவட்டமான நுவரெலியாவின் றம்பொடையில், கொழும்புச் செட்டிக் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். நாடக மேடையிலும் இசைத்தட்டிலும் புகழெய்திய அவர், 1947இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ'வின் கதாநாயகியானார். அதனை மதுரையிலே தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். 1978 ஒக்டோபர் 28இல் வீதி விபத்தொன்று அவ்வம்மையாரின் உயிரைப் பறித்தது.

அயலார் மொழியை அவர் அன்போடு பயின்றார். அயலாரும் அவரைத் தம்மவராக ஏற்றனர். இரு மொழிகள் வழங்கும் ஊவாவின் பிள்ளைகள் இதனை மனத்திருத்துவார்களாக.