நடுவர் மன்ற வாசலில் உழைப்பாளி

(மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நீதிமன்றம் என்றவுடன் பத்திரிகை வாசகரின் நினைவில் எழுவது உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றங்களுமே. அரசியல் சாசன அமர்வு, பொதுநல வழக்கு, வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பு என்றெல்லாம் அங்கிருந்தே செய்திகள் வருகின்றன. ஆனால் இந்நாட்டின் உழைப்பாளி தம் வாழ்நாளில் நேரில் காண்கிற நீதிமன்றம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அது குற்றவியல் நடுவர் மன்றம். ஆட்டோ ஓட்டுநர், சரக்கு லாரி ஓட்டுநர், நடைபாதை வணிகர், வேலைநிறுத்தத்தில் கைதான ஆலைத் தொழிலாளி ஆகிய அனைவரும் நிற்பது அதன் தாழ்வாரத்தில்தான். காலையில் வந்து காத்திருக்கிறார்கள். பெயர் அழைக்கப்படுகிறது. குற்றச்சாட்டின் சாரம் ஒரு வாக்கியத்தில் சொல்லப்படுகிறது. ஒப்புக்கொண்டால் அபராதம், மறுத்தால் வாய்தா. இரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்றைய கூலி மட்டும் திரும்ப வருவதில்லை.

இந்த இரண்டு நிமிடங்களுக்குப் பின்னால் ஒரு முழு அமைப்பு இயங்குகிறது. வழக்கை எழுதுபவர் யார், நடத்துபவர் யார், கைவிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை அறியாதவரை, தாழ்வாரத்தில் நிற்பவருக்கு எல்லாம் விதியின் விளையாட்டாகவே தோன்றும். அது விதியன்று, மனிதர் வகுத்த ஏற்பாடு.

முதலில், வழக்கை நடத்துபவர் யார்? 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரும்வரை, நடுவர் மன்றங்களில் காவல்துறையைச் சேர்ந்தவர்களே பரவலாக வழக்குகளை நடத்தினர். புலனாய்வு செய்த துறையே நீதிமன்றத்திலும் அரசின் குரலாக நின்றது. இவ்விரண்டையும் பிரிக்க வேண்டும் என்று 1958இலேயே சட்ட ஆணையம் தனது 14ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, உதவி அரசு வழக்கறிஞராகக் காவல் அதிகாரியை நியமிக்கலாகாது என்று விதித்தது. ஆயினும் நடைமுறை எளிதில் மாறவில்லை. உதவி அரசு வழக்கறிஞர்கள் காவல்துறையின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுத் தனி அமைப்பாக இயங்க வேண்டும் என்று மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1995இல் ஆணையிட வேண்டியிருந்தது.

இந்தப் பிரிவினை வெறும் நிர்வாக ஒழுங்கு அன்று. அரசு வழக்கறிஞர் தண்டனை வாங்கித்தரும் முகவர் அல்லர். நீதிமன்றத்துக்கு உண்மையைக் காட்டக் கடமைப்பட்டவர். சாட்சியம் போதாதெனில் போதாது என்று சொல்ல வேண்டியவரும் அவரே. காவல்துறையின் தயவில் இருப்பவரால் அப்படிச் சொல்ல இயலாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவ்விஷயத்தில் முன்னேற்றமா, பின்னடைவா? அதன் 20ஆவது பிரிவு மாவட்ட அளவிலும் வழக்குத்தொடர்வு இயக்ககத்துக்கு இடமளிக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பழைய சட்டத்தின் 25ஏ பிரிவின்படி இயக்குநரை நியமிக்க உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவு தேவைப்பட்டது. புதிய சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. இயக்ககம் மாநில உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டிலேயே தொடர்கிறது. காவல்துறையும் அதே உள்துறையின் கீழ்தான் உள்ளது. வாசற்கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தது போன்ற ஏற்பாடு இது. மேலும், உதவி அரசு வழக்கறிஞர் கிடைக்காத நிலையில், அவ்வழக்கைப் புலனாய்வு செய்யாத, ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியையே நியமிக்கலாம் என்ற பழைய விதிவிலக்கும் புதிய சட்டத்தில் நீடிக்கிறது. பணியிடங்களை நிரப்பாமல் விட்டால் விதிவிலக்கே விதியாகிவிடும்.

அடுத்து, சிறு வழக்குகள். போக்குவரத்துக் குற்றங்களில் மூன்று வழிகள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி, மாநில அரசு அறிவித்த அதிகாரியிடம் அறிவித்த தொகையைச் செலுத்தி வழக்கை முடித்துக்கொள்ளலாம். 208ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணையில் குறித்த தொகையை அனுப்பி, நேரில் வராமலே குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவது வழி மறுத்து வழக்காடுவது. 2019 முதல் தில்லியிலும் பின்னர் பல மாநிலங்களிலும் இயங்கிவரும் மெய்நிகர் நீதிமன்றங்கள் இரண்டாவது வழியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்துள்ளன.

சொல்லளவில் மூன்று வழிகளும் சமம். கூலியாளுக்கோ மூன்றாவது வழி ஏட்டளவில்தான் இருக்கிறது. 1,000 ரூபாய் அபராதத்தை எதிர்த்து நான்கு வாய்தாக்களுக்கு அலைந்தால் நான்கு நாள் வருமானம் போகும்; வழக்கறிஞர் கட்டணம் வேறு. ஆகவே குற்றம் செய்யாதவரும் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதலுக்கு விலை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு முதல் வகுப்பு நடுவரிடம் தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ சட்டப் பொருத்தத்தையோ எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்ய முடியும். குற்றத்தீர்ப்பை எதிர்க்க முடியாது. ‘ஐயா, கட்டிவிடுகிறேன்’ என்ற ஒரு சொல்லில் அந்த உரிமை கைநழுவுகிறது.

2019ஆம் ஆண்டின் திருத்தம் அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தியது. உரிமமின்றி ஓட்டினால் 5,000 ரூபாய்; குடித்துவிட்டு ஓட்டினால் முதல்முறை 10,000 ரூபாய், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தொழிலாளர் இயக்கம் ஒருபோதும் ஆதரிக்காது. சாலையில் அடிபட்டுச் சாகும் பாதசாரியும் மிதிவண்டிக்காரரும் பெரும்பாலும் உழைக்கும் மக்களே. எழும் கேள்வி வேறு. ஒரே அபராதம் சொகுசுக் கார் உரிமையாளருக்கு ஒரு வேளை விருந்துச் செலவு. ஓட்டுநருக்கோ ஒரு மாத வாடகை. கட்டத் தவறினால் சிறை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில், அதைக் கட்டாதவருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின்படி அதிகபட்சம் 6 மாதச் சிறை. பாரதீய நியாய சன்ஹிதா 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட அபராதங்களுக்கு இதை ஓராண்டு வரை உயர்த்தியுள்ளது. பணம் உள்ளவருக்கு அபராதமாக இருப்பது பணம் இல்லாதவருக்குச் சிறையாகிறது.

இதே அநீதி பிணையிலும் உண்டு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் ஏழைக் கொத்தனார். அவருக்குப் பிணை வழங்கலாம் என்று உச்சநீதிமன்றமே ஆணையிட்டது. கீழ்நிலை நடுவரோ 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டார். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகச் சாடி, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே அவரை விடுவித்தார். 1957இல் கேரளத்தில் அமைந்த தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் கிருஷ்ணய்யர். ஏழையின் நிலையிலிருந்து சட்டத்தைப் படித்தால் அது எப்படித் தோன்றும் என்பதை அத்தீர்ப்பு காட்டியது. ஆனால் அந்தப் பாடம் நடுவர் மன்றங்களில் இன்னும் முழுமையாக இறங்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நான்கில் மூவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர்கள்.

தோழர்களே, இனி மையமான கேள்விக்கு வருவோம். சாலையில் ஒரு குற்றம் நடக்கும்போது நீதிமன்றத்துக்கு வருபவர் யார், வராதவர் யார்?

அதிக பாரம் ஏற்றிய லாரியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. யாருக்கு? வண்டியை ஓட்டியவருக்கு மட்டுமல்ல. ஓட்டச் செய்தவருக்கும், ஓட்ட அனுமதித்தவருக்கும் சேர்த்தே அப்பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. பாரத்தைத் தீர்மானிப்பவர் உரிமையாளரும் சரக்குக்கு உரியவரும். ஏற்ற மறுத்தால் ஓட்டுநருக்கு அடுத்த நடை கிடைக்காது. ஆயினும் வழக்குத் தாளில் பெரும்பாலும் இடம்பெறுவது ஓட்டுநரின் பெயரே. கேமரா வழியே வரும் செலான் உரிமையாளர் பெயருக்கு வந்தாலும், அத்தொகை ஓட்டுநரின் படியிலிருந்தே கழிக்கப்படுகிறது.

விபத்து வழக்கும் அப்படித்தான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. அதிகாலை மூன்று மணிக்குக் கண்ணயர்ந்து மோதிய ஓட்டுநர், அதற்கு முன் எத்தனை மணிநேரம் தொடர்ந்து ஓட்டினார், ஓட்டச் சொன்னவர் யார் என்று புலனாய்வு அதிகாரி கேட்பது அரிது. அரசு வழக்கறிஞர் கேட்பது அதனினும் அரிது. குற்றப்பத்திரிகை ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு நின்றுவிடுகிறது. அக்கையை இயக்கிய லாபம் கூண்டில் ஏறுவதேயில்லை.

இந்நிலையில்தான் பாரதீய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு வந்தது. விபத்தில் மரணம் நேர்ந்து, காவல்துறைக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் ஓட்டுநர் தப்பிச் சென்றால் 10 ஆண்டு வரை சிறை என்றது அது. 2024 ஜனவரி முதல் நாட்களில் வட இந்தியாவெங்கும் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். அவர்கள் கேட்டது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் என்பதே அவர்களது அச்சம். கும்பலின் சீற்றத்தால் உதவ இயலாமற்போகும் நிலையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவே ஏற்றுக்கொள்கிறது. போராட்டத்தின் வலிமையால் ஒன்றிய அரசு பின்வாங்கியது. மற்றப் பிரிவுகள் ஜூலையில் அமலுக்கு வந்தபோது 106(2) மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைத்தது நீக்கியதாகாது. ஓர் அறிவிக்கை போதும், அது உயிர்பெற்றுவிடும்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியவை என்ன?

ஒவ்வொரு சங்கக் கிளையிலும் நீதிமன்றப் பணிக்கென ஒரு தோழர் பொறுப்பேற்க வேண்டும். ஒப்புக்கொள்வதன் விளைவை அறியாமல் எந்த உறுப்பினரும் ஒப்புக்கொள்ளாதபடி அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். காவல் அறிக்கையின் நகலும் ஆவணங்களும் கட்டணமின்றிப் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாதவரை வறியவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்பது சட்டம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோருடன் தொழிலகத் தொழிலாளர்களையும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களாக்குகிறது. கேமரா வழிச் செலானுக்குக் குற்றம் நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்பது 2021இல் சேர்க்கப்பட்ட விதி. இவை எவரும் போடும் பிச்சை அல்ல. கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள்.

இவற்றோடு அரசியல் கோரிக்கைகளும் உண்டு. வழக்குத்தொடர்வு இயக்ககம் உள்துறையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். உதவி அரசு வழக்கறிஞர் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். அதிகபார வழக்கிலும் விபத்து வழக்கிலும் உரிமையாளரின் பங்கைப் புலனாய்வு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். 106(2) பிரிவு ஏட்டிலிருந்தே நீக்கப்பட வேண்டும். விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கடைசி இரண்டு கோரிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. சாலையில் இறந்தவரும் கூண்டில் நிற்பவரும் ஒரே வர்க்கத்தின் மக்கள்.

நாளைக் காலையிலும் நடுவர் மன்றத் தாழ்வாரம் நிரம்பியே இருக்கும். பெயர் அழைக்கப்படும்போது அந்த உழைப்பாளி தனியே உள்ளே போகிறாரா, தம் சங்கத்தோடு போகிறாரா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் இந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் தோழர்களே.