உடம்பு இளைக்க ஊசி: தம்பதிகள் அறிய வேண்டியது



"வாரம் ஓர் ஊசி போட்டா உடம்பு இளைக்குமாமே, நெசமா?" என்று அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் கேட்கிறார்கள். உண்மைதான். செமக்ளூடைடு, டிர்செபடைடு என்னும் இம்மருந்துகள் 2025-இல் உடல் பருமனுக்கென்று நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. இவை பசியைக் குறைக்கும். ஆய்வொன்றில், உணவுக் கட்டுப்பாட்டோடு செமக்ளூடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக நூற்றுக்கு 15 பங்கு எடை குறைந்தார்கள். அதாவது 80 கிலோ 68 கிலோ ஆகும். ஊசியை நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்பிவிடும்.

இது யாருக்கு? 5 அடி உயரமுள்ளவர் சுமார் 70 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் டாக்டர் யோசிப்பார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் 63 கிலோவிலேயே யோசிப்பார். லேசான தொப்பைக்கு இது மருந்தல்ல.

குடும்பநலம் பேணும் தம்பதிகள் ஒன்றைக் கவனியுங்கள். டிர்செபடைடு போடும் பெண்ணுக்கு மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சரியாகப் பலிக்காமல் போகலாம். ஊசி தொடங்கியதும் 4 வாரம், அளவைக் கூட்டும்போதெல்லாம் மறுபடி 4 வாரம், கணவர் நிரோத் உபயோகிக்க வேண்டும். காப்பர்-டி போட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

குழந்தை வேண்டுமா? செமக்ளூடைடை 2 மாதம் முன்பும், டிர்செபடைடை 1 மாதம் முன்பும் நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் போடக்கூடாது.

குமட்டல், வாந்தி, பேதி வரலாம். கடுமையான வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஊசி போடுவதை ஒருவருக்கொருவர் ஒளிக்காதீங்க. டாக்டரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லுங்க.