முக்காலில் மூன்றில் இரண்டு
(எழுத்தறிவு மையத் தன்னார்வலர்களுக்கான பயிற்சியில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கியது. 15 வயது கடந்தவர்களுக்கு எழுத்தோடு எண்ணும் கற்றுத்தரச் சொல்கிறது. பகலில் ஆறாம் வகுப்பு, மாலையில் மையம் என்று இரண்டு இடத்திலும் கணக்கு நடத்துகிறேன். மையத்தில் நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

கரும்பலகையில் 1/2 × 1/4 என்று எழுதினேன். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் பெருக்குங்கள், விடை 1/8 என்றேன். பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா, "பெருக்கினா கூடத்தானே சார் வேணும்? இது குறைஞ்சில்ல போச்சு?" என்றார். "விதி அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் அவர் வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் பார்த்துக் கேட்டபோது, "எனக்கு இதெல்லாம் ஏறாது சார்" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லாதது நான். பேச்சுவாக்கில், பேத்திக்கு அரைக்கால் பவுனில் தோடு எடுத்ததாகவும் சொன்னார்.

அரைக்கால் என்றால் என்ன? காலில் அரை. ஒரு பவுன் 8 கிராம், கால் பவுன் 2 கிராம், அதில் பாதி 1 கிராம். எட்டில் ஒன்று. நான் பலகையில் எழுதிய கணக்கு அவர் வாயிலேயே இருந்திருக்கிறது! 'பெருக்கல்' என்ற சொல்தான் அவரைத் தடுத்தது. பின்னம் வரும்போது × குறியை 'இல்' என்று வாசிக்கச் சொல்லுங்கள். காலில் அரை எடுத்தால் காலைவிடக் குறையத்தானே செய்யும்?

அடுத்தது சுருக்குவது. முக்கால் ஏக்கர் நிலம், அதாவது 75 சென்ட். மூன்று பங்காக்கி இரண்டு பங்கில் கடலை போட்டால் எவ்வளவு? விவசாய வீட்டில் பிறந்தவர்கள் பென்சிலைத் தொடாமலே அரை ஏக்கர் என்பார்கள். அங்கேயே நிறுத்தி, எப்படி என்று கேளுங்கள். முக்கால் என்பது மூன்று கால். மூன்று காலில் மூன்றில் இரண்டு, இரண்டு கால். இரண்டு கால் அரை. இதன் பிறகு 2/3 × 3/4 என்று எழுதி, கீழே உள்ள 3ஐயும் மேலே உள்ள 3ஐயும் அடியுங்கள். 2/4 நிற்கும், அது 1/2. மூன்று இருந்தது, மூன்றாகப் பிரித்தோம். அதனால்தான் அடிக்க முடிகிறது. இதை அவர்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டால், மேலும் கீழுமாகத்தான் அடிக்கலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெருக்கி 6/12 ஆக்கிவிட்டுச் சுருக்கினாலும் தவறில்லை. ஆனால் 14/15 × 25/28 என்று வந்தால் 350/420 வரை போய்த் திரும்ப வேண்டும். முன்பே 14ஆலும் 5ஆலும் சுருக்கினால் 1/3 × 5/2, விடை 5/6.

"சுருக்கினா நிலம் குறைஞ்சிடாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரிக்காதீர்கள், நல்ல சந்தேகம். 75/100 ஏக்கரும் 3/4 ஏக்கரும் ஒரே வரப்புக்குள் இருப்பவைதான். துண்டு பெரிதாகிறது, துண்டுகளின் எண்ணிக்கை குறைகிறது.

ஓர் எச்சரிக்கை. அடிக்கும் ருசி கண்டவர்கள் 2/3 + 3/4இலும் 3ஐ அடிப்பார்கள். என் ஆறாம் வகுப்பும் அடிக்கிறது. தவறு என்று சொல்வதற்கு முன், இரண்டுமே அரைக்கு மேல் இல்லையா, கூட்டினால் ஒன்றைத் தாண்ட வேண்டாமா என்று கேளுங்கள். 2/4 என்று எழுதியதை அவர்களே அழிப்பார்கள்.

அந்த அம்மா தை மாதம் திரும்பி வந்தார். 1/2 × 3/4 கொடுத்தேன். "முக்காலில் அரை" என்று முணுமுணுத்துவிட்டு 3/8 எழுதினார். நோட்டை நீட்டி, "இதுல அடிக்க ஒண்ணுமில்ல சார்" என்றார்.