உள்ளத்தைக் காவல் காப்போம்

 

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறினால் காவலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே உள்ள சிற்றூர். 1960களின் இறுதியில் வானியல் அறிஞர் வைணு பாப்பு அங்கே வானாய்வுப் பணியைத் தொடங்கினார். இன்று அந்த ஆய்வகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மதரஸா மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். தொழுகை நேரத்துக்காக வானத்தைப் பார்த்த சமுதாயம் நாம். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளராக இருந்த இப்னு ஷாதிர் 14ஆம் நூற்றாண்டின் பெரும் வானியல் அறிஞர்களுள் ஒருவர். அந்த உறவைப் பிள்ளைகள் அறியட்டும் என்பது என் எண்ணம்.

இருட்டில் நின்றோம். முதலில் சில நட்சத்திரங்களே தெரிந்தன. நேரம் செல்லச் செல்ல வானம் நிறைந்துகொண்டே போயிற்று. நட்சத்திரங்கள் புதிதாக வரவில்லை. நம் கண்தான் இருளுக்குப் பழகுகிறது. அதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். ஒரு மாணவர் மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தார். அந்த வெளிச்சம் பட்டதும் பாதி வானம் காணாமற்போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து காத்திருந்தோம்.

சகோதரர்களே, அன்று மலையில் நின்றபோது என் மனம் வானத்தில் நிற்கவில்லை, என்னிடமே திரும்பியது. கடைசியாக எப்போது இப்படி அரை மணி நேரம் எந்த வெளிச்சமும் இல்லாமல் என் உள்ளத்தைப் பார்த்தேன்?

காவலூரில் 1977 மார்ச் 10 அன்று நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து செல்லவிருந்த இரவு அது. பட்டாச்சார்யா, குப்புசுவாமி ஆகிய இருவரும் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியின் வழியே அந்த நட்சத்திரத்தின் ஒளியை விடாமல் பதிவு செய்தனர். கிரகம் மறைப்பதால் ஏற்படும் மங்கலை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, அதுவல்லாத வேறொரு மங்கல் கிடைத்தது. சில விநாடிகளே நீடித்தது. அலட்சியமாக விட்டிருந்தால் கருவியின் கோளாறு என்று போயிருக்கும். அவர்கள் அதைப் பதிந்து உலகுக்கு அறிவித்தார்கள், யுரேனஸுக்கு இன்னொரு துணைக்கோள் இருப்பதாக. அதே இரவில் இந்துமாக்கடலின் மேல் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவினருக்கும் இத்தகைய மங்கல்கள் கிடைத்தன. எல்லாப் பதிவுகளையும் ஒப்பிட்டபோது உண்மை தெளிந்தது: அது துணைக்கோள் அன்று, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள்.

கவனியுங்கள்! விளக்கம் மாறியது, பதிவு மாறவில்லை. பதிவு நேர்மையாக இருந்ததால்தான் விளக்கத்தைத் திருத்த முடிந்தது.

நாளைக்காகத் தான் எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆத்மாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். நாளை விசாரிக்கப்படுமுன் இன்றே நம்மை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் எச்சரித்ததாகப் பதிவாகியுள்ளது. இதற்கே முஹாஸபா என்று பெயர். பஸராவில் பிறந்து பக்தாதில் 857ஆம் ஆண்டு மறைந்த ஹாரிஸ் அல்முஹாஸிபி என்ற பெரியாருக்கு அந்தப் பெயரே இந்தப் பழக்கத்தால் வந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இதற்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளார்கள்.

ஆனால் நம்மில் பலர் முஹாஸபா என்றவுடன் பதிவை விட்டுவிட்டுத் தீர்ப்பை எழுதத் தொடங்குகிறோம். "நான் கெட்டவன், என் தொழுகை எதற்கும் உதவாது" என்பது பதிவன்று. "அஸருக்கு முன் கடைப் பையனிடம் குரலை உயர்த்தினேன்" என்பதுதான் பதிவு. முன்னது வஸ்வாஸில் கொண்டுபோய் விடும். பின்னதைக் கொண்டு நாளை ஏதேனும் செய்ய முடியும். ஹன்ழலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை நினைவுகூருங்கள். நபி (ஸல்) அவர்களின் அவையில் தமக்கு இருக்கும் நிலை, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தோட்டந்துரவோடும் கலந்ததும் மாறிவிடுவதை அவர் கவனித்தார். கவனித்தது சரி. ஆனால் "நான் நயவஞ்சகனாகிவிட்டேன்" என்று தீர்ப்பு எழுதிக்கொண்டார். தமக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள் அபூபக்ர் (ரலி). இருவரும் நபியவர்களிடம் சென்றனர். எப்போதும் ஒரே நிலையில் இருந்தால் வானவர்களே வந்து கைகொடுத்திருப்பார்கள்; இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

ஐவேளைத் தொழுகை நாளை ஐந்தாக வகுத்துத் தந்திருக்கிறது. ஒளுச் செய்ய அமரும்போது, குழாயைத் திறக்குமுன், இப்போது எந்த மனநிலையிலிருந்து வந்திருக்கிறேன் என்று ஒரு கணம் பாருங்கள். கோபமா, அவசரமா, பசியா? பெயரைச் சொல்லிக்கொண்டால் போதும். ஸலாம் கொடுத்ததும் கைப்பேசியைத் தேடும் கையைச் சற்று நிறுத்துங்கள். இஷாவுக்குப் பின் ஒரு குறிப்பேட்டில் ஓரிரு வரிகள். சாப்பாட்டுத் தட்டின் அருகே கைப்பேசி வேண்டாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் நாம் செய்வோம். இதில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடமே குறை அதிகம் என்பது என் அனுபவம்.

என் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காவலூரிலிருந்து திரும்பிய வாரம் தொடங்கினேன். மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது: "லுஹருக்கும் அஸருக்கும் இடையில், தாயாரிடம் சிடுசிடுத்தேன்." என் தாயாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. மறதி. "அஸருக்குப் பாங்கு சொல்லிட்டாங்களா வாப்பா?" என்று கால் மணிக்கு ஒருமுறை கேட்பார்கள். நான்காம் முறை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன். பெற்றோரை நோக்கி "ச்சீ" என்றும் சொல்லலாகாது என்ற பனீ இஸ்ராயீல் 23ஆம் வசனத்தை வைத்து எத்தனை மிம்பர்களில் பேசியிருக்கிறேன்! ஒருநாள்கூட அந்த வசனம் என் வீட்டுக் கூடத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. தனித்தனி நாளாகப் பார்த்தபோது அது ஒரு சிறு சலிப்பு, அவ்வளவுதான். வரிசையாகப் பார்த்தபோதுதான் வளையம் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் மதரஸா வகுப்பு முடித்து, சாப்பிடாமல், கணக்குப் புத்தகத்தோடு உட்காருவேன் என்பதும் அதே குறிப்பிலிருந்து தெரிந்தது. இப்போது முதலில் சாப்பிடுகிறேன். கணக்கு மஃரிபுக்குப் பின். நிற்கும்போது கோபம் வந்தால் அமர்ந்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். எனவே தாயார் கேட்கும்போது அவர்களின் கட்டிலருகே போய் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. முடியாத நாளையும் எழுதி வைக்கிறேன்.

சென்ற வாரம் அப்படி அமர்ந்தபோது, "இன்னும் இல்லை உம்மா, அரை மணி இருக்கிறது" என்றேன். "அப்ப நீ கொஞ்ச நேரம் இங்கேயே இரு" என்றார்கள். அவர்கள் நேரம் கேட்கவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.