அக்கரை முதியோரின் அன்றாடச் சிந்தனைகள்

(தம்புள்ளையில் நடைபெற்ற எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் இன்னும் பட்டம் பெறாத எம்மை அழைத்து, முதியோரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். இருபத்திரண்டு வயதில் முதுமையைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும், முதியோர் பேசும்போது செவிகொடுக்க எந்த வயதிலும் இயலும் அன்றோ? அவ்வாறு கேட்டவற்றையே உங்கள்முன் வைக்கின்றோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

கடல் கடந்து வாழும் முதியோர் என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவு வருவது ரொறொன்ரோவும் இலண்டனும் பாரிசும் சிட்னியுமே. அவர்களைப் பற்றியும் சொல்லுவோம். ஆனால் அவர்களுக்கு முன்னரே, நம் வீதி வழியாகவே போனவர்கள் சிலர் உளர். அவர்களை வெளிநாட்டில் வாழ்வோர் என்று சொல்ல நமக்குத் தோன்றுவதே இல்லை. இன்று முதற்கண் அவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம்.

நமது தம்புள்ளைச் சந்தியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதியும், குருநாகல் வழியாகத் திருகோணமலை செல்லும் வீதியும் இங்கே கூடுகின்றன. 1999ஆம் ஆண்டிலே பொருளாதார மத்திய நிலையம் தொடங்கிய நாள் முதல் இரவு பகலாக மரக்கறி லொறிகள் வந்து போகும் இடம் இது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வீதியில் வந்தவர்கள் கால்நடையாக வந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டுத் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி வழியாகக் காட்டைக் கடந்து, இத் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்குச் சென்றார்கள். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யச் சென்றார்கள். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டி வந்ததே 1880ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர் நடந்தவர்களுள் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர் பலர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி தொடக்கம் ஓகஸ்ட் 12ஆம் திகதி வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்று நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

வந்த கதையை நாம் அறிவோம். போன கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும், மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்றனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டன. இந்தக் கணக்கிலே, அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும், அக்காள் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலும் ஆன குடும்பங்கள் எத்தனை!

எமது குடும்பமும் அவற்றுள் ஒன்று. எம் அப்பாயிக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அவரின் தங்கைக்கு, கணவனின் விண்ணப்பத்தின்படி, இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. 1972ஆம் ஆண்டிலே மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, தகரப் பெட்டி ஒன்றும் அம்மிக்கல் ஒன்றுமாக அவர் புறப்பட்டார். தலைமன்னார் சென்ற அந்தப் புகைவண்டியை நம்மவர் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பர். ஏற்றிவிட வந்தவரும் ஏறியவரும் ஒருசேர அழுதமையால் வந்த பெயர் அது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பின்னர் நீலகிரி. இவ்வாறு வருவோர்க்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் 1968ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. 1976ஆம் ஆண்டிலே அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இங்கே கொழுந்து பறித்த கை அங்கேயும் கொழுந்து பறித்தது. சின்ன அப்பாயி இன்று கோத்தகிரிப் பக்கத்திலே, எழுபத்தைந்து வயது கடந்து, மகன் வீட்டிலே இருக்கின்றார்.

அவர்களுக்கு அரசாங்கம் இட்ட பெயர் ‘தாயகம் திரும்பியோர்’ என்பது. அப்பெயரைச் சற்று நின்று யோசியுங்கள். போன இடத்துக்குத்தானே ஒருவர் திரும்ப முடியும்? சின்ன அப்பாயி பிறந்தது மாத்தளையில். அவரின் தாய் பிறந்ததும் மாத்தளையில். கப்பலை விட்டு இறங்கிய அன்றுதான் அவர் இந்தியாவை முதன்முதலாகக் கண்டார். இங்கே இருந்தவரை அவரை ‘இந்தியாக்காரி’ என்றார்கள். அங்கே சென்றதும் ‘சிலோன்காரி’ என்றார்கள். கடையிலே அவர் பாண் கேட்டால், அது என்ன என்று கேட்டார்களாம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. இரு கரையிலும் மற்றக் கரையின் பெயரால் அழைக்கப்பட்டவருக்கு அப்பழமொழி என்ன ஆறுதல் தரும்?

இத்தகைய ஒருவர் நாள்தோறும் எதனைச் சிந்திப்பார்? ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் சிந்திப்பார் என்றே நாம் நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் அவர் பேசுவார். ஒருநாளேனும் அவற்றைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் கேட்பவை இவை: “ராசா, அங்க மழ வந்துச்சா? இங்க நேத்தே வந்துருச்சு.” ஐப்பசி மழை மாத்தளைக்கும் வரும், கோத்தகிரிக்கும் வரும், இரண்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். “கரட் என்ன வெல போகுது?” எம் தந்தையார் மரக்கறி வியாபாரத்துக்காகத் தம்புள்ளைக்கு வந்தவர் ஆதலால், விலையைச் சொல்லுவோம். அவர் உடனே மேட்டுப்பாளையச் சந்தையின் விலையைச் சொல்லி, எந்த மலையில் விவசாயி அதிகம் ஏமாந்தான் என்று தீர்ப்பளிப்பார். மாசி மாதத்திலே, “முத்துமாரியம்மன் தேரு அஞ்சும் இழுத்தாச்சா?” என்பார். மாத்தளைப் பஞ்சரத பவனியை அவர் கடைசியாகக் கண்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எந்தத் தேர் எந்த முடுக்கில் நின்று திரும்பும் என்பது அவருக்கு இன்றும் மனப்பாடம்.

ஒவ்வொரு வாரமும் அவர் தவறாது கேட்கும் கேள்வி வேறொன்று உண்டு: “எங்க லயத்துக்குப் பின்னால நின்ன பலாமரம் இருக்கா?”

இங்கே எம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். “இருக்கின்றது அப்பாயி” என்று நாம் ஒவ்வொரு வாரமும் சொன்னோம். அந்த மரத்தை நாம் கண்டதே இல்லை. தம்புள்ளையிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 45 கிலோமீற்றர். பேராதனைக்குப் போகும்போதெல்லாம் பஸ் அவ்வழியேதான் போகின்றது, இறங்கிப் பார்த்ததில்லை. பரீட்சை இருந்தது, வேலை இருந்தது, மழை இருந்தது. முதியவர் ஒருவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே அப்படிச் சொன்னதாக எமக்கு நாமே சமாதானமும் கூறிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒருநாள் இறங்கிப் போனோம். லயத்தின் பாதிக்குக் கூரை இல்லை. பலாமரம் நின்ற இடத்திலே மிளகுக் கொடி படர்ந்திருந்தது. மரம் விழுந்து பல வருடங்கள் ஆயின என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். ஆனால் பீலியிலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு என்ன சொல்வது? பழையபடி சொல்லிவிடலாமா என்று நெடுநேரம் தடுமாறினோம். ஈற்றில் உண்மையைச் சொன்னோம்: மரம் இல்லை என்றும், இதுவரை பார்க்காமலே சொன்னோம் என்றும். அவர் பேசாதிருந்தார். பின்னர், “பீலி?” என்று கேட்டார். “தண்ணீர் விழுகின்றது அப்பாயி” என்றோம். “மரம் போனாப் போகட்டும் ராசா. நீ போய்ப் பாத்தியே, அது போதும்” என்றார். அன்று அவர் வழக்கத்தைவிட அதிகம் பேசினார். அந்தப் பீலியடியில் யார் யார் முன்னே நிற்பார்கள், யாரோடு யார் சண்டை பிடிப்பார்கள், எந்தக் குழந்தை எந்த வருடம் காய்ச்சலில் போயிற்று என்பனவெல்லாம் சொன்னார். நாம் அறியாத பெயர்கள் இருபத்தேழு அன்றைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று எம் அப்பாவின் அண்ணன். மூன்று வயதில் இறந்தவர். அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எமக்குத் தெரியாது.

அன்பர்களே, அன்றுதான் எமக்கு ஒன்று விளங்கிற்று. பலாமரத்தைப் பற்றிய கேள்வி, ‘நான் அவ்விடத்தாள் என்பதற்கு அங்கே இன்னும் சாட்சி இருக்கின்றதா?’ என்ற கேள்வி. அதற்கு இதமான பொய்யைச் சொன்னபோது நாம் அவரைப் பேசவிடாமல் அடைத்துவிட்டோம். போய்ப் பார்த்துச் சொன்ன ஒரு சொல் அந்த அடைப்பைத் திறந்தது.

நாம் பயின்றது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே வேதபாட ஆசிரியர் எபிரேய மக்களின் கதையைச் சொல்லுவார். பாபிலோன் நதிக்கரைக்குச் சிறைகொண்டு போகப்பட்டவர்கள், அந்நிய நாட்டிலே எப்படிப் பாடுவது என்று தங்கள் யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டார்களாம். சைவப் பிள்ளைகளாகிய நாம் பின்வாங்கில் இருந்து அக்கதையைக் கேட்டு, பரீட்சைக்கு எழுதி, மறந்துவிட்டோம். இன்று நினைக்கும்போது எமது சின்ன அப்பாயியின் துன்பம் வேறுவகை என்று தோன்றுகின்றது. அவர் பாடுவதை நிறுத்தவில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. பேரப்பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பெரட்டும் தெரியாது, கோச்சியும் தெரியாது.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள முதியோர் நிலையும் இதற்கு வெகுதூரமன்று. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்துக்குப் பின் போன பிள்ளைகள், பின்னர் தாய்தந்தையரை அழைத்துக்கொண்டார்கள். பனிக்காலத்தில் சன்னலோரம் இருந்து அவர்கள் எண்ணுவதும் கிணற்றடியையும் கோயில் வீதியையும் வேலியோரத்து முருங்கையையுந்தான். பேரப்பிள்ளைகளோ ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மறுமொழி சொல்லுகின்றார்கள். வசதியில் அவர்களுக்கும் கோத்தகிரிக் கிழவிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆனால் கேட்கும் கேள்வி ஒன்றே.

இன்று தூரம் குறைந்துவிட்டது என்கின்றோம். 1980களின் நடுவிலே நின்றுபோன இராமேசுவரக் கப்பலுக்கு ஈடாக, 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. கைத்தொலைபேசியில் முகம் பார்த்தே பேசலாம். மெய்தான். ஆனால் முகத்தைக் காட்டிவிட்டுப் பொய்யைச் சொன்னால் தூரம் குறையுமா?

ஆகவே வாலிப நண்பர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது: உங்கள் குடும்பத்தில் அக்கரை போன முதியவர் ஒருவர் இல்லாதிருப்பது அரிது. அவர் என்ன கேட்கின்றார் என்று கேளுங்கள். கேட்டதை நேரில் போய்ப் பாருங்கள். பார்த்ததை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டாவது: அவர் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இந்த வீதியில் நடந்து வந்து இறந்தவர்களின் பெயர்களை எழுதுவார் இல்லாமல் நாம் இழந்தோம். கோச்சி ஏறிப் போனவர்களின் பெயர்களையும் இழந்தால், பழி வெள்ளைக்காரன் மேல் இல்லை, நம் மேலேதான். ஒப்பந்தக் காலத்திலே இருபது வயதாயிருந்தவருக்கு இன்று எண்பதாகிவிட்டது. பொறுத்திருக்கக் காலம் இல்லை.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். “அதையெல்லாம் இப்ப ஏன் கேட்கிறாய்?” என்று எம்மைத் திருப்பி அனுப்பாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் இந்நாட்டிலே எஞ்சிய நம்மவர்க்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆனால் எந்தப் பீலியில் தண்ணீர் எடுத்தோம் என்பது எந்தப் பத்திரத்திலும் இல்லை. அதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.

எம் கொப்பியில் இன்று வரை அறுபத்து மூன்று பெயர்கள் உள்ளன. சென்ற ஞாயிறு சின்ன அப்பாயி புதிதாக ஒன்று கேட்டார்: மாத்தளைக் கோயில் வாசலில் பூ விற்ற ஒருத்தியின் மக்கள் இன்னும் அங்கே இருக்கின்றார்களா என்று. “தெரியாது அப்பாயி, போய்ப் பார்த்துச் சொல்லுகின்றோம்” என்றோம். இவ்விழா முடிந்ததும் அதற்காகவே மாத்தளைக்குப் போகின்றோம்.